ஒற்றைத் தூக்கத்துக்கு மாறும் குழந்தைக்கு மதியச் சோறு எப்போது?

கேள்வி: என் மகளுக்கு 15 மாதம். காலை 9.30 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் தூங்கிக்கொண்டிருந்தவள், சில வாரங்களாகக் காலையில் தூங்க மறுக்கிறாள். பன்னிரண்டு மணிக்குச் சோறு ஊட்டத் தொடங்கினால் நான்கு வாய் வாங்குவதற்குள் சொக்கி விழுகிறாள். எழுந்த பிறகு பால் மட்டுமே குடிக்கிறாள். மாலை 5 மணிக்கு மேல் ஒரே அழுகை. தூக்கத்திலிருந்து எழுப்பி ஊட்டச் சொல்கிறார் மாமியார். சாப்பாட்டு நேரத்தை எப்படி மாற்றுவது?

பதில்: பெரும்பாலான குழந்தைகள் 13 முதல் 18 மாதத்துக்குள் பகலில் ஒரே தூக்கத்துக்கு மாறுகிறார்கள், உங்கள் மகளும் உரிய வயதில்தான் மாறுகிறாள். ஒன்று முதல் இரண்டு வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அந்தத் தேவை குறையவில்லை. தூங்கும் நேரம் மட்டும் நடுப்பகலுக்கு நகர்ந்து, சரியாக மதிய உணவின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே தூக்கத்தைத் தள்ளிப்போட முயலாமல், சோற்றை முன்னால் கொண்டுவாருங்கள்.

அதாவது, மாற்றம் நடக்கும் இந்த வாரங்களில் மதிய உணவு 10.45 அல்லது 11 மணிக்கு. பெரியவர்களுக்கு இது விசித்திரமான நேரமாகத் தோன்றினாலும், அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் டிபன் பாக்ஸ் கட்டுவதற்காகக் காலையிலேயே சோறும் பருப்பும் வெந்துவிடுகிற வீடுகளில் இதற்காகத் தனிச் சமையல் எதுவும் தேவைப்படாது. காலை உணவை 7.30 மணிக்குள் முடித்து, 9 மணியளவில் அரை வாழைப்பழமோ மசித்த பப்பாளியோ கொடுத்து, அதன் பிறகு மதிய உணவு வரை தண்ணீர் தவிர எதுவும் கொடுக்காமல் இருந்தால் 11 மணிக்குப் பசி இருக்கும். அழுகையை நிறுத்தக் கையில் திணிக்கிற ஒரு பிஸ்கட்டே அந்தப் பசியைக் கெடுக்கப் போதும்.

களைத்த குழந்தை அதிகம் மெல்லாது. ஆகவே அளவைக் கூட்டாமல் உணவின் செறிவைக் கூட்டுங்கள். இந்த வயதில் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 200 மில்லி கொள்ளும் ஒரு கிண்ணம் போதுமானது. அந்தக் கிண்ணம் முழுக்க நீர்த்த ரசம் சாதமாக இருந்தால் வயிறு நிறையும், சத்து சேராது. ரசம் கூடாது என்பதல்ல. குழைந்த சோற்றில் கெட்டிப் பருப்பும் ஒரு டீஸ்பூன் நெய்யும் மசித்த முட்டையோ கீரையோ சேர்த்துப் பிசைந்த பிறகு, விழுங்க எளிதாக ஒரு கரண்டி ரசம் விட்டுக்கொள்ளலாம்.

ஊட்டும்போது கண்ணைத் தேய்ப்பது, பார்வை ஓரிடத்தில் நிலைகுத்துவது, கன்னத்தில் ஒரு கவளத்தை ஒதுக்கிக்கொண்டு மெல்லாமல் இருப்பது ஆகியவை தென்பட்டால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். இதில் நான் சற்றுக் கண்டிப்பாகவே சொல்வேன். வாயில் உணவோடு தூங்கும் குழந்தைக்கு அது மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து உண்டு. இரண்டு வாய் தண்ணீர் கொடுத்து, கன்னத்தின் உட்புறம் காலியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே படுக்க வையுங்கள். பால் புட்டியோடு படுக்கவைப்பதும் வேண்டாம். முன்பற்கள் சொத்தையாவதற்கு அது முக்கியக் காரணம்.

மாமியாரின் யோசனைக்கு வருகிறேன். நன்றாக வளரும் குழந்தையைச் சோற்றுக்காக எழுப்ப வேண்டியதில்லை. பாதித் தூக்கத்தில் எழுந்த குழந்தை சிணுங்குமே தவிரச் சாப்பிடாது. விட்டுப்போன உணவுக்கு எழுந்த பிறகு இடம் இருக்கிறது, அந்த இடத்தைப் பால் பிடித்துக்கொள்ளாத வரை. உங்கள் வீட்டில் உண்மையான சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன். எழுந்ததும் ஒரு டம்ளர் பால் குடித்தவளுக்கு அடுத்த இரண்டு மணி நேரத்துக்குச் சாப்பாட்டின் மேல் நாட்டம் இருக்காது. தவிர, பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு; மற்ற உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் அது குறைக்கிறது. நாளுக்கு 400 முதல் 500 மில்லிக்கு மேல் வேண்டாம். அதையும் காலையிலும் இரவு உணவுக்குப் பிறகும் பிரித்துக் கொடுங்கள். தாய்ப்பால் தொடர்ந்தால் பசும்பால் இன்னும் குறைவாகவே போதும்.

எழுந்தவுடன் ஊட்டாதீர்கள். கால் மணி நேரம் மடியில் கிடக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும். பிறகு 2 மணியளவில் கொடுப்பதை நொறுக்குத் தீனியாக நினைக்காமல் இரண்டாம் மதிய உணவாகவே கருதுங்கள்: இட்லியும் பருப்புச் சாம்பாரும், கெட்டியான கேழ்வரகுக் கூழ், தயிர் சாதத்தோடு வேகவைத்த காரட் என ஏதேனும் ஒன்று. காலையில் மிச்சம் வைத்த அதே சோற்றைத் திரும்ப நீட்டினால் பெரும்பாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

5 மணி அழுகையில் பாதி பசி, பாதி தூக்கம். 4.30 மணிக்குப் பழமோ சுண்டல் மசியலோ சிறிதளவு கொடுத்து, இரவு உணவை 6.30 மணிக்கே முடித்து, 7.30 மணிக்குள் படுக்க வையுங்கள். அப்பா வேலையிலிருந்து வரும்வரை விழித்திருக்கட்டும் என்ற ஆசை புரிகிறது; சில வாரங்களுக்கு அதை ஒத்திவைக்க வேண்டியிருக்கும்.

எல்லா நாளும் ஒன்றுபோல் அமையாது. இரவில் சரியாகத் தூங்காத நாளில் 9.30 மணிக்கு இருபது நிமிடம் தூங்கி எழுந்தால், அன்றைக்கு மட்டும் மதிய உணவு 12 மணிக்குப் போகலாம். ஒற்றைத் தூக்கம் நிலைத்த பிறகு, வாரத்துக்குக் கால் மணி நேரமாகத் தூக்கத்தையும் சோற்றையும் சேர்த்தே பின்னுக்கு நகர்த்தி, உணவு 12 மணிக்கும் தூக்கம் 12.30 மணிக்கும் வரும்படி செய்துவிடலாம்.

முதல் ஆண்டில் பிறப்பு எடையைப்போல் மூன்று மடங்காக வளரும் குழந்தை, இரண்டாம் ஆண்டில் இரண்டு, இரண்டரை கிலோ அளவே கூடும் என்பதால், பசி முன்பைவிடக் குறைவாகத் தெரிவதும் இயல்பே. ஆனால் எடை கூடாமல் நின்றாலோ, உள்ளங்கையும் கண்ணின் உள்ளிமையும் வெளிறினாலோ, மண், சுண்ணாம்பு தின்றாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, நேரத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.