லண்டனுக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் நீட் இரண்டு தடவை எழுதிவிட்டாள். பியானோவில் எட்டாம் கிரேடு முடித்திருக்கிறாள், ஞாயிறுதோறும் சர்ச் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறாள், ஆர்க்கெஸ்ட்ரா கண்டக்டர், அதாவது வாத்தியக் குழுவை முன்னால் நின்று கைக்குச்சியால் நடத்துபவர், ஆக ஆசைப்படுகிறாள். பெரிய மாமா இன்னொரு தடவை நீட் எழுதச் சொல்கிறார். சின்ன மாமாவோ, இசைதான் என்றால் லண்டனில் பேர்போன கல்லூரியே சரி, பாளையங்கோட்டை வீட்டை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார்.

உங்கள் பயம் நியாயம். ஆனால் இரண்டு யோசனையுமே தப்பு. மனசில்லாத பிள்ளையை மூன்றாம் வருஷமும் கோச்சிங்கில் உட்கார வைக்கக் கூடாது. லண்டன் சான்றிதழைப் பார்த்து மட்டும் எந்த ஆர்க்கெஸ்ட்ராவும் அவள் கையில் குச்சியைக் கொடுத்துவிடாது. எழுபது பேரை நடத்திப் பழகியிருக்கிறாளா என்றுதான் பார்ப்பார்கள்.

அந்தப் பழக்கம் கிடைக்கும் இடம் ஓபரா, அதாவது பாட்டாகவே நடக்கும் மேடை நாடகம், போடும் அரங்கின் ஒத்திகை அறை. ஒத்திகை வாரக்கணக்கில் நடக்கும். அத்தனை நாளும் முழு ஆர்க்கெஸ்ட்ராவை வரவழைத்தால் கட்டுப்படியாகாது என்பதால் ஒரே ஒரு பியானோதான் இருக்கும். ஆர்க்கெஸ்ட்ராவின் மொத்த இசையும் அந்தப் பத்து விரலில் ஓட வேண்டும். வராத பாடகரின் வரியை வாசிப்பவரே பாட வேண்டும், கண் மட்டும் கண்டக்டரின் கையை விட்டு நகரக் கூடாது. நிகழ்ச்சியன்று மேடைக்குப் பின்னால் நிற்கும் கோரஸை மானிட்டரில் கண்டக்டரைப் பார்த்து நடத்துவதும் பல இடங்களில் இந்தப் பியானோக்காரர் பொறுப்பு. சின்ன ஊர் அரங்கென்றால், ஒருநாள் முழு நிகழ்ச்சியும் இவர் கைக்கு வரும். ஜெர்மனியில் இந்த வேலைக்குக் கொரெபெட்டிட்டோர் என்று பேர். அரசு மானியத்தில் நடக்கும் ஓபரா அரங்குகள் அங்கே சுமார் 80 இருக்கின்றன.

பேர்பெற்ற ஜெர்மன் கண்டக்டர் கிறிஸ்டியான் தீலமான் 1978இல், 19 வயதில், பெர்லினில் இப்படித்தான் நுழைந்தார். இன்னொரு கண்டக்டர் அந்தோனியோ பப்பானோ இசைக் கல்லூரிப் பட்டமே வாங்காதவர். பாட்டு வாத்தியாரான அப்பாவின் வகுப்புகளுக்குச் சின்ன வயதிலேயே பியானோ வாசித்தவர், 21 வயதில் நியூயார்க் சிட்டி ஓபராவில் ஒத்திகைப் பியானோவில் உட்கார்ந்தார். 2002 முதல் 2024 வரை லண்டன் ராயல் ஓபராவின் இசை இயக்குநர் அவர்தான்.

ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. விசாவுக்கு ஒரு வருஷச் செலவாகச் சுமார் 12,000 யூரோ காட்ட வேண்டும். அது சேரும்வரை இங்கேயே பியானோவும் ஜெர்மனும் படிக்கட்டும். வீட்டுப் பத்திரத்தை மட்டும் தொடாதீர்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன். வேலை ஒப்பந்தம் ஒவ்வொரு வருஷமாகத்தான் போடுவார்கள், தொடக்கச் சம்பளமும் டாக்டர் சம்பளம் ஆகாது. அதையும் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

'கார்மென்' ஓபராவின் இரண்டாம் அங்கத்தில் ஐந்து பேர் சேர்ந்து பாடும் பகுதி ஒன்று உண்டு. இந்த வேலைக்கான தேர்வில் வழக்கமாகக் கேட்பார்கள். அதன் இசைக் குறிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வாசித்துக்கொண்டே ஒரு குரலைப் பாடிப் பார்க்கட்டும். யாரும் சொல்லாமலே ஒரு மாதம் தினமும் உட்காருகிறாளா என்று பாருங்கள். அதுவரை மாமாக்கள் அவளிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம். ரெக்கார்டிங்கை அவளே எனக்கு அனுப்பட்டும்.