டாக்டரிடம் கேளுங்கள்: கொஞ்சம் வளர்ந்த பிறகு ஆபரேஷன் செய்யக்கூடாதா?

கேள்வி: என் மகளுக்கு ஆறாவது மாதம். குழந்தையின் இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. பிறந்த சில நாட்களிலேயே ஆபரேஷன் என்கிறார்கள். கொஞ்சம் வளரட்டுமே என்று மனம் அடித்துக்கொள்கிறது. பிழைத்தாலும் மற்ற பிள்ளைகள் போல் இருக்குமா?

பதில்: 'கொஞ்சம் வளரட்டுமே' என்று என்னிடம் கேட்காத பாட்டி இல்லை. சின்ன ஓட்டை என்றால் நானே காத்திருக்கச் சொல்வேன். பல ஓட்டைகள் தானாகவே மூடிக்கொள்ளும். இது அப்படியில்லை. உடம்பு முழுக்க ரத்தம் தள்ளவேண்டிய இடது கீழறை, குழாய் மாறியதால் நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அங்கே அழுத்தம் குறைவு, வேலையும் குறைவு. சில வாரங்களிலேயே அந்தத் தசை மெலிந்துவிடும். அப்புறம் குழாய்களைச் சரியாக மாற்றிப் பொருத்தினாலும் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் முடித்துவிடுவது அதனால்தான்.

1975-ல் பிரேசிலில் அடிப் ஜடேனே முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்த ஆபரேஷன் இது. இன்று அனுபவமுள்ள மையங்களில் நூற்றில் 95-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கிறார்கள். இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும், ஓரிரு மில்லிமீட்டர் பருமனுள்ள இதயத் தமனிகளைப் பெயர்த்து இடம்மாற்றித் தைப்பதுதான் இதில் நுணுக்கமான வேலை. இடது பக்கமே வளராத இதயத்தின் கதை வேறு, அதற்குப் பல கட்ட ஆபரேஷன். 'இதய ஆபரேஷன்' என்று பொதுவாகச் சொல்லி யாராவது பயமுறுத்தினால், எந்தக் கோளாறுக்கு என்று கேளுங்கள்.

ஆபரேஷன் முடிந்த முதல் இரவு கொஞ்சம் கடினம். இதயம் சோர்ந்து பிறகுதான் தேறும். வீக்கம் இருந்தால் நெஞ்சைத் தைக்காமல், மேலே மெல்லிய உறை மட்டும் போட்டு ஓரிரு நாள் விட்டுவைப்பதும் உண்டு. உங்கள் மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தெரியாமல் போய்ப் பார்த்தால் பதறிவிடுவார்.

பெரும்பாலான பிள்ளைகள் ஓடி ஆடி வளர்கிறார்கள். ஆனால் நுரையீரல் குழாய் சுருங்குகிறதா, இதயத் தமனிகள் சரியாக இருக்கின்றனவா என்று ஆயுள் முழுக்கப் பரிசோதனை வேண்டும். சிலருக்குப் பேச்சு தாமதமாகும், எழுதவும் கவனம் வைக்கவும் சிரமப்படுவார்கள். 'சோம்பேறி' என்று திட்டாமல் சீக்கிரமே பயிற்சிக்கு அழைத்துப் போங்கள்.

இப்போதைக்கு முக்கியமானது பிரசவம் எங்கே என்பது. பச்சிளம் குழந்தைக்கு இதய ஆபரேஷன் செய்யும் வசதியுள்ள இடமாகவோ, அதற்குப் பக்கத்திலோ இருக்கட்டும். பிறந்ததும், இயல்பாக மூடிக்கொள்ளும் ஒரு ரத்தக்குழாயை ஆபரேஷன் வரை திறந்தே வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்து ஏற்ற வேண்டிவரும். இதே ஆபரேஷனை வருடத்துக்கு எத்தனை செய்கிறார்கள் என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.