வாசகர் கேள்வி–பதில்: போதையைச் சிரிப்பாக்கும் படங்கள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், கஞ்சா புகைக்கும் இரண்டு நண்பர்களைப் பற்றிய நகைச்சுவைப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, "எல்லாம் தமாஷ்தானே அம்மா" என்கிறான். நானும் பார்த்தேன். வாய்க்கு வாய் கெட்ட வார்த்தை. இதை எப்படி எடைபோடுவது?

பதில்: சகோதரி, கெட்ட வார்த்தைகளை எண்ணுவதிலிருந்து தொடங்காதீர்கள். "வம்பும், புத்தியீனமான பேச்சும், பரியாசமும் தகாதவைகள்" என்கிறது பைபிளில் எபேசியர் 5:4. ஆகவே பேச்சின் அழுக்கு சின்ன விஷயமல்ல. ஆனால் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் போதையைக் கொண்டாடும் படமும் உண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது தப்பித்துவிடும். முதலில் கேட்க வேண்டியது இதுதான்: நாம் சிரிக்கும்போது அடிபடுகிறவர் யார்? அவருடைய வலி திரையில் இருக்கிறதா?

இந்த வகைப் படங்களில் அடிக்கடி வரும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். கேக்கில் கஞ்சாவைக் கலந்து, சொல்லாமல் ஒரு பெரியவருக்குக் கொடுக்கிறார்கள். அவர் தள்ளாடுகிறார், உளறுகிறார், அரங்கம் சிரிக்கிறது. உண்மையில் நடப்பது வேறு. சாப்பிட்ட கஞ்சா தலைக்கேற அரை மணி முதல் இரண்டு மணி நேரம்வரை ஆகலாம். அதற்குள் இன்னொரு துண்டும் உள்ளே போயிருக்கும். பிறகு நெஞ்சு படபடக்கும், காரணம் புரியாத பயம் பிடிக்கும், சிலருக்கு இல்லாதது கண்ணில் தெரியும். இது பல மணி நேரம் நீடிக்கும். அதே கேக்கைக் குழந்தை எடுத்துத் தின்றால் மயங்கி, மூச்சு மந்தமாகி, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிவரும். படமோ இரண்டு நிமிடச் சிரிப்போடு அடுத்த காட்சிக்குத் தாவிவிடுகிறது. பிறனை வஞ்சித்துவிட்டு "நான் விளையாட்டுக்கல்லவோ செய்தேன்" என்று சொல்கிறவனை, கொள்ளிகளையும் அம்புகளையும் எறியும் பைத்தியக்காரனோடு சேர்க்கிறது நீதிமொழிகள் 26:18, 19. உங்கள் மகன் சொன்ன "தமாஷ்தானே" என்ற சொல்லை அந்த வசனத்தின் பக்கத்தில் வைத்துப் பேசிப் பாருங்கள்.

கார் காட்சியும் அப்படித்தான். கஞ்சா, ஓட்டுகிறவரின் கவனத்தைக் குலைத்து, ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஆகும் நேரத்தைக் கூட்டும். வண்டியை ஒரே நேர்கோட்டில் பிடித்து ஓட்டுவதும் கடினமாகும். படத்தில் கார் சுழன்று சுழன்று நிற்கும், யாருக்கும் ஒரு கீறல் இருக்காது. எதிரே வந்த வண்டியில் யார் இருந்தார்கள் என்று கேமரா திரும்பிப் பார்ப்பதே இல்லை. எங்கள் கணிப்பில், கெட்ட வார்த்தைகளைவிட இந்தப் பொய்தான் பெரிய குற்றம்.

கேள்வி: நோவா குடித்து வெறித்துக் கிடந்ததை வேதமே சொல்கிறதே? திரையில் காட்டினால் மட்டும் ஏன் தவறு?

பதில்: காட்டுவதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. ஆதியாகமம் 9-ஐ நிதானமாக வாசியுங்கள். தகப்பன் வஸ்திரமில்லாமல் கிடந்ததை வேதம் மறைக்கவில்லை. அவருடைய மகன் காம் அதைப் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சொன்னான். அவன் சகோதரர்கள் சேமும் யாப்பேத்தும் பின்னிட்டு நடந்துபோய், பார்க்காமலே மூடினார்கள். வெறித்தவனோடு, அவனைப் பார்த்தவர்களும் அங்கே சோதிக்கப்படுகிறார்கள். ஒரு படம் தன் பார்வையாளரைக் காமின் பக்கம் நிறுத்துகிறதா, சேமின் பக்கம் நிறுத்துகிறதா என்று கேட்பது நல்ல அளவுகோல்.

நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் சிரிப்பே இருக்கிறது. "என்னை அடித்தார்கள், எனக்கு நோகவில்லை" என்று உளறும் குடிகாரன், எப்போது விழித்து மறுபடியும் அதைத் தேடுவேன் என்கிறான். ஆனால் "பாம்பைப்போல் கடிக்கும்" என்ற எச்சரிக்கை அதற்குச் சற்று முன்னாலேயே நிற்கிறது. போதையை வைத்து நேர்மையான நகைச்சுவை செய்ய முடியும் என்பதற்கு இதுவே சான்று.

விஷயத்தையே தடைசெய்வது உதவாது என்பதை ஹாலிவுட் வரலாறும் காட்டுகிறது. 1930-இல் எழுதப்பட்டு 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த தணிக்கை விதிகள் போதைக் கடத்தலைக் காட்டுவதற்கே இடம் தரவில்லை. விளைவு, 1955-இல் ஹெராயினுக்கு அடிமையானவனின் வேதனையைக் காட்டிய படத்துக்கு ஒப்புதல் முத்திரை கிடைக்கவில்லை. 1956-இல் விதியைத் திருத்த வேண்டியதாயிற்று.

கேள்வி: கடைசியில் நாயகன் திருந்திவிடுகிறானே?

பதில்: கடிகாரத்தைப் பாருங்கள். நூறு நிமிடப் படத்தில் தொண்ணூறு நிமிடம் கும்மாளமும், மீதியில் ஒரு கண்ணீரும் என்றால், பார்த்தவர் மனதில் தங்குவது கும்மாளம்தான். திருந்துவதற்கு அவன் எதையாவது இழந்தானா, யாருக்காவது ஈடு செய்தானா என்றும் பாருங்கள். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்த முன்வந்தான் (லூக்கா 19:8). வேலை, காதலி, நண்பர்கள் எல்லாம் நாயகனுக்கு அப்படியே திரும்பக் கிடைத்தால் அந்தத் திருந்தலுக்கு எடை இல்லை.

கேள்வி: வாலிபர் கூட்டத்தில் இப்படி ஒரு படத்தைத் திரையிட்டு விவாதிக்கலாமா?

பதில்: முழுப் படம் வேண்டாம். போதையிலிருந்து மீண்டுவரும் ஒருவர் அந்த அறையில் இருக்கக்கூடும். அதை அவர் யாரிடமும் சொல்லாமலும் இருக்கலாம். சுருட்டும் விரல்கள், நெருக்கத்தில் தெரியும் புகை போன்றவை பழைய ஏக்கத்தைக் கிளப்பக்கூடியவை. நம் செயல் பலவீனமான சகோதரனுக்கு இடறலாகிவிடக்கூடாது என்று 1 கொரிந்தியர் 8 சொல்வது இங்கே அப்படியே பொருந்தும். நடத்துகிறவர் முன்கூட்டியே பார்த்து, கதையைப் பத்து வரிகளில் எழுதிக்கொண்டு போகட்டும். போதைப்பொருளைக் காட்டாத ஒரு காட்சியை, ஐந்து நிமிடத்துக்கு மிகாமல் போட்டால் போதும். அதன் பின்விளைவாகப் படம் எதைக் காட்டாமல் விட்டது என்று வாலிபர்களையே எழுதச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் யாராவது தனியாகப் பேச வந்தால், கேட்பதற்கு ஒரு மூத்தவர் அங்கே இருக்கட்டும்.