ஆஷ்கோஷ் வானத்தில் ஒரு வாரம்: கேள்வி பதில்

தாங்களே கட்டிய விமானத்தைத் தாங்களே ஓட்டிவந்து கூடுகிறவர்களின் ஆண்டுக் கூட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இவற்றில் மிகப் பெரியது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஆஷ்கோஷ் ஊரில் ஜூலை இறுதியில் நடக்கும் ஏர்வென்ச்சர். அங்கே விமானம் நிறுத்தும் குழுவில் தன்னார்வலராக இருப்பதால், தெரிந்ததைச் சொல்கிறேன்.

இதை யார் ஆரம்பித்தது? (சுதா)

பால் போபெரெஸ்னி. 1953 ஜனவரியில் விஸ்கான்சினின் மில்வாக்கியில், விமானத்தைத் தாங்களே கட்டுகிறவர்களுக்காக எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கினார். முதல் கூட்டம் அதே ஆண்டு செப்டம்பரில். சங்க வேலையெல்லாம் முதலில் அவர் வீட்டு அடித்தள அறையில்தான் நடந்தது. ஆண்டுக் கூட்டம் 1959இல் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டுக்குப் போனது, 1970இலிருந்து ஆஷ்கோஷ்.

ஒரே வாரத்தில் சுமார் பத்தாயிரம் விமானங்கள் என்கிறார்கள். மோதிக்கொள்ளாதா? (கார்த்திக்)

இதைக் கேட்காத ஆளே இல்லை. இவ்வளவு பேரும் ரேடியோவில் பேச ஆரம்பித்தால் ஒருவர் சொல்வதும் காதில் விழாது. அதனால் பேச்சையே குறைத்துவிட்டார்கள்.

வருகிறவர்கள் ரிப்பன் என்ற சிற்றூரின் மேல் வந்து, அங்கிருந்து ரயில் தண்டவாளத்தைப் பார்த்தபடி ஒருவர் பின் ஒருவராக வர வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,800 அடி உயரம், 90 நாட் வேகம் (மணிக்குச் சுமார் 167 கி.மீ.), நடுவே அரை மைல் இடைவெளி. அவ்வளவு மெதுவாகப் பறக்க முடியாத விமானங்களுக்கு 2,300 அடி, 135 நாட். தண்டவாளத்தை ஒட்டிய ஃபிஸ்க் என்ற இடத்தில், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலர்கள் பைனாகுலருடன் தரையில் நிற்பார்கள். "மஞ்சள் விமானம், இறக்கையை ஆட்டுங்கள்" என்று கூப்பிடுவார்கள். பதில் பேசக் கூடாது, ஆட்டினால் போதும். எந்த ரன்வே என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

ரன்வேயில் பெரிய வண்ணப் புள்ளிகள் இருக்கும். பச்சைப் புள்ளி என்றால் பச்சையில்தான் சக்கரம் பட வேண்டும். ஒரே ரன்வேயில் ஒருவர் முன்புள்ளியிலும் இன்னொருவர் பின்புள்ளியிலும் அடுத்தடுத்து இறங்குவதைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும். இத்தனையும் விமானிகளுக்கான அந்த ஆண்டு அறிவிப்பில் அச்சாகியிருக்கும். அதைப் படிக்காமல் கிளம்புவது மற்றவர்கள் உயிரோடு விளையாடுவது. இதை நான் கடுமையாகவே சொல்வேன்.

இறங்கியதும் எங்கே போவது? (ஜெனிஃபர்)

கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருப்பீர்கள். 'எச்பிபி' என்றால் வீட்டில் கட்டிய விமானம், நிறுத்த மட்டும். 'எச்பிசி' என்றால் பக்கத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கப் போகிறீர்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், வெயிலில் தூரத்திலிருந்து படிக்கிறோம். அதைப் பார்த்துத்தான் உங்களைப் புல்வெளிக்குத் திருப்புவோம்.

கயிறும் முளையும் நீங்களே கொண்டுவர வேண்டும். இரண்டு இறக்கை, ஒரு வால், மூன்று இடத்திலும் கட்டுங்கள். ஜூலையில் அங்கே இடிமழை சொல்லாமல் வரும். தோட்டக் கடையில் விற்கும் மெல்லிய சுருள் முளை ஈர மண்ணில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கயிற்றால் கட்டி வைக்காத விமானம் தான் மட்டும் கெடாது, பக்கத்தில் ஒருவர் பல வருடம் உழைத்துக் கட்டியதையும் இடித்துத் தள்ளும். 2010இல் மழை கொட்டி மைதானமே சேறாகி, வந்த விமானங்களை நிறுத்தப் புல்வெளியே கிடைக்காமல் போனது.

கிட் (விமானப் பாகங்களின் தொகுப்பு) வாங்கிப் பூட்டினால் அது 'நான் கட்டியது' ஆகுமா? (இளங்கோ)

ஆகும், பெரும்பகுதி வேலை உங்கள் கையால் நடந்திருந்தால். அமெரிக்காவில் இதை 51 சதவீத விதி என்பார்கள். கிட் விற்கும் வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வகை விமானங்கள் பலவும் இப்படிக் கட்டப்பட்டவைதான்.

எங்கள் ஊர் சிறு விமான நிலையத்தில் முப்பது விமானங்களுக்கு ஒரு கூட்டம் நடத்த ஆசை. எதிலிருந்து தொடங்குவது? (ரமேஷ், டெக்சஸ்)

சாகசக் காட்சியிலிருந்து தொடங்காதீர்கள். விமான நிலைய நிர்வாகத்தின் அனுமதி, காப்பீடு, இவை இரண்டும் கைக்கு வரட்டும். அப்புறம் ஒரு வரைபடம் போடுங்கள்: எந்தப் பக்கமாக வருவது, எங்கே திரும்புவது, எங்கே நிறுத்துவது. ஒரே பக்கத்தில் அடக்கி, வருகிறவர்களுக்கு முன்கூட்டியே அனுப்புங்கள்.

என் கவலை எப்போதும் புரொப்பல்லர்தான். சுற்றும்போது அது கண்ணுக்கே தெரியாது. குழந்தைகள் விமானத்தைப் பார்த்ததும் ஓடுவார்கள். எனவே பார்வையாளர்களுக்கும் ஓடும் விமானங்களுக்கும் நடுவே கயிறு கட்டுங்கள், கயிறு நெடுக ஆள் நிறுத்துங்கள். எஞ்சின் நின்ற பிறகே யாரையும் கிட்டே விட வேண்டும். ஆள் போதாவிட்டால் விமான எண்ணிக்கையைக் குறையுங்கள், காவலைக் குறைக்காதீர்கள்.

சாப்பாட்டுக்குக் காலை டிபன் போதும். எங்கள் சங்கத்தின் அமெரிக்கக் கிளைகள் பான்கேக் சுட்டே கூட்டம் சேர்க்கின்றன. காற்று எழும்பும் முன் விமானங்கள் வந்து சேர்வதற்கும் அதுதான் நல்ல நேரம்.

எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. வந்தால் என்ன இருக்கிறது? (மீனாட்சி)

நிறைய. ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடிக்க, வெல்டிங் செய்ய அங்கேயே சொல்லித் தருகிறார்கள். 2018இல் ஓர் ஆர்வி-12ஐஎஸ் விமானத்தை ஒரே வாரத்தில் கட்டி முடித்தார்கள், வந்தவர்களும் ஆளுக்கொரு ரிவெட் அடித்தார்கள். காலையில் சீக்கிரமே வீட்டில் கட்டிய விமானங்களின் வரிசைக்கு வாருங்கள். கட்டியவர் இறக்கை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "இதை எங்கே வைத்துக் கட்டினீர்கள்?" என்று கேட்டால் போதும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஒயரையும் காட்டிவிட்டுத்தான் விடுவார்.