"எல்லாம் அடங்கியது" என்றால் எதெல்லாம்?

கேள்வி: டிசம்பரில் கணவர், 7 வயது மகனோடு கென்யாவின் லைக்கிப்பியாவில், ஒரு குடும்பமே நடத்தும் சஃபாரி லாட்ஜில் 4 இரவு தங்க ஆசை. "எல்லாம் அடங்கிய தொகை, ஊசி எதுவும் வேண்டாம், இந்த வாரமே முழுப் பணத்தையும் என் கணக்கில் போடுங்கள்" என்கிறார் ஏஜென்ட். லாட்ஜுக்கு வேலியும் கிடையாதாம். நம்பிப் போகலாமா? – ஒரு வாசகி, சேலம்

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் பணத்தை இப்போது கட்டாதீர்கள்.

லைக்கிப்பியாவில் இப்படிப்பட்ட லாட்ஜ்கள் இருக்கும் சரணாலயங்களில் பல, ஒரு காலத்தில் மாட்டுப் பண்ணைகள். லைக்கிப்பியாவை ஒட்டிய லேவா அப்படித்தான், கிரெய்க் குடும்பத்தின் பண்ணையாக இருந்து 1995-இல் வனவிலங்குக் காப்பகமானது. 2014-இல் பக்கத்துப் போரானா காப்பகத்துக்கும் அதற்கும் நடுவே இருந்த வேலியை எடுத்துவிட்டார்கள். காண்டாமிருகங்களுக்கு இரவு பகலாகக் காவல் நிற்பவர்களின் சம்பளத்துக்கு உங்களைப் போன்ற விருந்தினர்கள் தரும் பணமும் போகிறது. அதற்குத்தான் 'கன்சர்வன்சி கட்டணம்' என்று தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குகிறார்கள். ஏஜென்ட் சொல்லும் "எல்லாம்" என்பதில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான். அங்கே போய் இறங்கிய பிறகு மூன்று பேருக்கும் 4 இரவுக்கும் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பம் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. அனுப்பிய ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை.

ஆகவே லாட்ஜுக்கு நீங்களே எழுதுங்கள். ஏஜென்ட் கொடுத்த முகவரிக்கு வேண்டாம், லாட்ஜின் சொந்தத் தளத்தில் இருக்கும் முகவரிக்கு. எங்கள் பெயரில் அறை பதிவாகியிருக்கிறதா, கன்சர்வன்சி கட்டணம் சேர்ந்ததா, முன்பணம் எவ்வளவு என்று மூன்றே கேள்வி போதும். சின்ன லாட்ஜ்களில் பல நேரம் உரிமையாளரே பதில் போடுவார்.

இதில் ஒரு விலக்கு உண்டு. சில குடும்பங்கள் பதிவு வேலையை நைரோபியில் உள்ள ஒரு நிறுவனத்திடம் விட்டிருப்பார்கள். அப்போது பணம் அந்த நிறுவனத்துக்குப் போவது சரிதான். ஆனால் அந்தப் பெயரை லாட்ஜ் தன் வாயால் சொல்ல வேண்டும், ஏஜென்ட் சொன்னால் போதாது. லாட்ஜ் சொன்ன பெயரும் பில்லில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி கேளுங்கள். தனிநபர் கணக்கென்றால் பேச்சே வேண்டாம்.

ஊசி வேண்டாம் என்று அவர் சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நேராக இந்தியாவிலிருந்து போகிறவர்களிடம் கென்யா மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்பதில்லை என்பது உண்மை. திரும்பி வரும்போது கேட்பது நம் நாடு! அந்தச் சான்றிதழான மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலில் வைப்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட முடியும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் ஒன்று. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இதைப் போட்டால் என்ன என்று எத்தனை வருடமாகக் கேட்கிறோம்! ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 10 வருடத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும் என்ற விதி 2016-லேயே போய்விட்டது. யாராவது புதுப்பிக்கச் சொன்னால் காசு கொடுக்காதீர்கள்.

சரி, வேலி. யானை முற்றம் வரைக்கும் வரலாம். அதனால் இருட்டிய பிறகு அறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே 'அஸ்காரி' என்னும் காவலாளியோடுதான் நடக்க வேண்டும். மகனை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். ஜீப்பில் அவன் தாராளமாக வரலாம். கால்நடையாகப் போகும் சஃபாரிக்குப் பல இடங்களில் 12 வயதாவது ஆகியிருக்க வேண்டும், அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஊசிக்குத் தேதி வாங்குங்கள். லாட்ஜின் பதில் கைக்கு வந்ததும் முன்பணத்தை மட்டும் அனுப்புங்கள்.