இறால் கூடத்தில் குளோரின் தண்ணீர் மட்டும் போதுமா?

கடலூர் முதுநகரில் இறால் உரித்து உறையவைக்கும் சிறு கூடம் தொடங்குகிறீர்கள். தினமும் குளோரின் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பாக்டீரியா தொல்லை இருக்காதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. மேசையில் இறால் சாறும் தோலும் ஒட்டியிருந்தால் குளோரினின் வீரியம் அந்த அழுக்கிலேயே தீர்ந்துவிடும். முதலில் கழிவை வாரி எடுத்து, சோப்புக் கரைசல் போட்டுத் தேய்த்து அலசுங்கள். அப்புறம்தான் குளோரின். மேசை, கத்தி, கிரேட்டுக்கு 100 பிபிஎம் (லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லிகிராம் குளோரின்), கை நனைக்க 20 பிபிஎம் என்பது வழக்கம். கை நனைக்கும் தண்ணீர் கலங்கினால் உடனே மாற்றுங்கள். பல இடங்களில் அது பெயருக்குத்தான் இருக்கிறது.

என்னைக் கேட்டால், அதிகம் பயப்பட வேண்டியது வடிகாலுக்குத்தான். அங்கே தங்கும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா 4 டிகிரி குளிரிலும் பெருகும். வடிகால் மூடியைத் திருப்பி, கையுறை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஒரு படலம் தட்டுப்படும். அதற்குள் இருக்கும் கிருமியைக் குளோரின் எளிதில் எட்டாது. பிரஷ் போட்டுத் தேய்த்தே எடுக்க வேண்டும், அந்த பிரஷ் வேறு நிறத்தில் தனியாக இருக்கட்டும். ஹோஸை வடிகாலுக்குள் வேகமாகப் பீய்ச்சாதீர்கள், திவலை மேசைவரை தெறிக்கும்.

விப்ரியோ என்ற இன்னொரு பாக்டீரியா கடல்நீரிலேயே இருப்பது. நம் ஊர் வெயிலில் மளமளவென்று பெருகும். படகிலிருந்து இறங்கியதும் எடைக்கு எடை ஐஸ் போடுங்கள். அந்த ஐஸும் குடிக்கத் தகுந்த தண்ணீரில் செய்ததாக இருக்க வேண்டும். மைனஸ் 18 டிகிரியில் கிருமி பெருகுவது நிற்கும், எல்லாம் செத்துவிடாது. வேகவைத்த இறாலும் விற்பதாக இருந்தால் அதற்குத் தனி அறை, தனி ஆட்கள் வேண்டும்.