வாசகர் கேள்வி: தனியாகப் போகலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். போன வருஷம் கணவர் தவறிவிட்டார், அப்புறம் வேலையையும் விட்டாயிற்று. பெண் பெங்களூரில், பையன் வெளிநாட்டில். எங்கேயாவது தனியாகப் போய்விட்டு வந்தால் தேவலை என்று இருக்கிறது. 'டூர் பஸ்ஸில் போம்மா, கூட ஆள் இருக்கும்' என்கிறாள் பெண். 'ஊர் என்ன பேசும்?' என்கிறார் நாத்தனார். இதுவரை ரயில் டிக்கெட்கூட நானாக எடுத்ததில்லை. போகலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: போங்கள். 'போகட்டுமா' என்று கேட்டால் நாலு பேர் நாலு விதமாகத்தான் சொல்வார்கள். 'வெள்ளிக்கிழமை கும்பகோணம் போகிறேன், ஞாயிறு ராத்திரி வந்துவிடுவேன்' என்று தகவலாகச் சொல்லிப் பாருங்கள், பத்திரமாகப் போய்விட்டு வா என்பதைத் தவிர அவர்களுக்குச் சொல்ல எதுவும் இருக்காது. நாத்தனார் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வார். சொல்லட்டும்.

ஏன் கும்பகோணம் என்றால், கோயில் ஊரில் ஒரு பெண் தனியாக நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்கள் ஊரிலேயே கோவை–மயிலாடுதுறை ஜன் சதாப்தியில் காலையில் ஏறினால் மதியம் இறங்கிவிடலாம், ராத்திரிப் பயணமே வேண்டாம். பக்கத்திலேயே தாராசுரம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில் சக்கரமும் குதிரையுமாகத் தேர்போலச் செதுக்கிய மண்டபத்தைத்தான் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். நீங்கள் கருவறையின் வெளிச்சுவரைச் சுற்றி வாருங்கள், அடியில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னதாக ஓடும், குனிந்து பார்த்தால்தான் தெரியும். டூர் பஸ்ஸில் போயிருந்தால் முதல் நாயன்மாரைப் பார்ப்பதற்குள் விசில் அடித்துவிடுவார்கள்.

சரி, தங்குகிற விஷயம். தனியாக வரும் பெண்ணுக்கு ரூம் இல்லை என்று சொல்கிற லாட்ஜுகள் இன்னும் இருக்கின்றன, அதனால் முன்கூட்டியே போன் போட்டு 'நான் ஒருத்திதான்' என்று சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். அறைக்குள் போனதும் உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா பாருங்கள், விழவில்லை என்றால் வேறு அறை கேளுங்கள், சங்கோஜமே வேண்டாம். ரயிலில் பிரச்சினை என்றால் 139, மற்றபடி பெண்களுக்கான உதவிக்கு 181. பின்னால் தூரமாகப் போகும்போது, தனியாகப் போகிற 45 வயது தாண்டிய பெண்களுக்குக் கீழ் பெர்த் கோட்டா இருப்பதை மறக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் கஷ்டமான நேரம் ராத்திரிச் சாப்பாடுதான். பகல் எப்படியோ ஓடிவிடும். ஓட்டலில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கும்போது சர்வர் வந்து 'எத்தனை பேரும்மா?' என்பார், 'ஒருத்தர்' என்று சொல்வதற்குள் தொண்டை அடைக்கும். பயணம் போனால் துக்கம் தீர்ந்துவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அது டிக்கெட் எடுக்காமலே கூட வந்து எதிரில் உட்காரும். அழுகை வந்தால் வரட்டும். ஆனால் இட்லியா தோசையா, இப்போது கிளம்புவதா இன்னும் அரைமணி தூங்குவதா என்று சின்ன விஷயத்தைக்கூட யாருக்காகவும் பார்க்காமல் நீங்களே முடிவு செய்வீர்கள் பாருங்கள், முதலில் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

திரும்பி வந்த சூட்டோடு வீட்டை விற்கிறேன், பெண் வீட்டோடு போய்விடுகிறேன் என்று மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். அதற்கு இரண்டு மூன்று பயணமாவது ஆகட்டும்.

கேள்வி: தனியாகப் போனதாக இன்ஸ்டாகிராமில் போடுகிறார்களே, அந்தப் போட்டோவை யார் எடுக்கிறார்கள்?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: ட்ரைபாடும் டைமரும். சில சமயம் கூட வந்தவர். நிஜமாகவே தனியாகப் போனவர் கோயில் வாசல் பூக்காரம்மாவிடம்தான் போனைக் கொடுப்பார், அந்தம்மா கோபுரத்தை முழுசாக எடுத்துவிட்டு இவர் தலையைப் பாதியில் வெட்டித் தருவார்.